சங்குப்பூ சர்பத்: நீலம் ஏன் ஊதாவாகிறது?

போன சித்திரையில் கும்பகோணத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் இருந்த மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை. அதில் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள், உள்ளே நல்ல நீல நிறத்தில் ஒரு பானம். ஆள் வந்து நின்றதும் பரிமாறுகிற பையன் சின்னக் கிண்ணத்திலிருந்து எலுமிச்சைச் சாறு விடுவான். நீலம் கண்ணெதிரே ஊதாவாக மாறும். பிள்ளைகள் அந்த மேசையை விட்டு நகரவே இல்லை.

என் மாமியார் டம்ளரைத் தொடவில்லை. "மைத் தண்ணியாட்டம் இருக்கு, என்னத்தைக் கலந்தானோ" என்று ஒதுங்கிக்கொண்டார். என் நாத்தனார், "கெமிக்கல்தாம்மா. இல்லாட்டி கலர் எப்படி மாறும்?" என்றார். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "அதெல்லாம் இல்லைம்மா, இது மூலிகை. எலுமிச்சை அதுல இருக்கிற நஞ்சை முறிக்குது, அதான் நிறம் மாறுது" என்றார். இன்னொருவர், எலுமிச்சை சாயத்தை வெளுக்கவைக்கிறது என்றார். ஆளுக்கொரு காரணம். ஒன்றுகூடச் சரியில்லை.

ஊருக்குத் திரும்பியதும் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நானும் செய்து பார்த்தேன். எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடைக் கிராமம். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டேன். நீலம் அசையவே இல்லை. அடுத்த வாரம் திருவையாற்றில் அம்மா வீட்டில் அதே அளவு பூ, அதே அளவு தண்ணீர், அதே ஒரு தேக்கரண்டிச் சாறு. உடனே ஊதா. இந்த வித்தியாசம் ஏன் என்று தேடிப் போனபோதுதான் நிறம் மாறுகிற விஷயமே எனக்கு முழுதாகப் பிடிபட்டது. அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

வேலியில் கிடக்கும் பூதான்

கல்யாண வீட்டு நீலம் சங்குப்பூவிலிருந்து வந்தது. காக்கணம், சங்கு புஷ்பம் என்றும் சொல்வார்கள். டெல்டாவில் வேலி இருக்கிற ஊரிலெல்லாம் இந்தக் கொடி இருக்கும். பறித்துச் சிவனுக்குச் சாத்துவோம், மீதி அப்படியே வாடி உதிரும். சங்கப் பாடல்களில் நீலச் சங்குப்பூவுக்குக் கருவிளை என்றும் வெள்ளைக்குச் செருவிளை என்றும் பெயர். நமக்குப் புதிய பூ இல்லை. அதைக் குடிக்கலாம் என்பதுதான் நமக்குப் புதிது.

கீழ்த்திசை நாடுகளில் அது புதிதும் இல்லை. தாய்லாந்தில் இந்தப் பூவை 'அஞ்சன்' என்கிறார்கள். நம் அஞ்சனம் என்ற சொல்லை நினைவூட்டும் பெயர். அதன் நீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பது அங்கே சாதாரண வழக்கம். மலேசியாவின் கிளந்தான் பகுதியில் 'நாசி கெராபு' என்று நீலச் சோறே உண்டு. மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் இல்லாத தெரு நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பக்கம் குறைவு. இந்த நீலப் பானம் நம் கல்யாண மண்டபம் வரை வந்துசேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம்கூட 2021-ல் சங்குப்பூச் சாற்றை உணவு நிறமாகப் பயன்படுத்த அனுமதித்தது. ஆக, மையும் இல்லை, கடையில் வாங்கிய சாயமும் இல்லை.

ஆரத்தித் தட்டில் பார்த்த மாற்றம்

நிறம் மாறினாலே ஏதோ தப்பு என்று நினைக்கிறோம். ஆனால் நாமே பல தலைமுறையாக ஒரு நிறமாற்றத்தைச் செய்துவருகிறோம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தூளைக் கரைக்கிறோம், தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்துக் கலக்கியதும் ரத்தச் சிவப்பாகிவிடுகிறது. மஞ்சளும் சிவப்பு இல்லை, சுண்ணாம்பும் சிவப்பு இல்லை. சிவப்புச் சாயம் எதையும் நாம் ஊற்றவும் இல்லை.

வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டால் இன்னொரு வேடிக்கை. சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவந்துவிடும். பதறிப்போய் அலசினால் திரும்ப மஞ்சளாகும். எலுமிச்சைத் துண்டால் தேய்த்தால் இன்னும் சீக்கிரம் மஞ்சளாகும். கறை எங்கேயும் போகவில்லை. மஞ்சளில் இருக்கிற நிறப்பொருள் அதே துணியில் அதே இடத்தில்தான் இருக்கிறது. சுற்றியுள்ள நீர் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து அது ஒருமுறை சிவப்பாகவும் ஒருமுறை மஞ்சளாகவும் தெரிகிறது. சங்குப்பூவும் இதைத்தான் செய்கிறது.

ஆக இதுவரை வந்த சேதி இவ்வளவுதான்: நிறம் மாற வெளியிலிருந்து சாயம் வரவேண்டியதில்லை. தண்ணீரின் தன்மை மாறினாலே சில தாவர நிறங்கள் மாறும்.

அமிலம், காரம்: பெயரில் ஒரு குழப்பம்

அந்தத் 'தன்மை' என்ன? பள்ளிப் புத்தகத்தில் இரண்டு சொற்கள் படித்திருப்போம். அமிலம் என்பது நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் அயனிகளை விடுகிற பொருள். ஹைட்ரஜன் அயனி என்றால் எலக்ட்ரானை இழந்து நேர் மின்னூட்டத்தோடு இருக்கும் ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். எலுமிச்சை, புளி, தயிர், மாங்காய் எல்லாவற்றிலும் நாம் உணரும் புளிப்பு இந்த அயனிகளால் வருவது. இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது காரம். அது அந்த அயனிகளைப் பிடித்துக் குறைத்துவிடும். சுண்ணாம்பு, ஆப்ப சோடா, சோப்பு இவை காரத்தன்மை உடையவை. சோப்பு நீர் விரலில் வழுவழுப்பதும் இதனால்தான்.

தமிழில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. காரம் என்றதும் நமக்கு மிளகாய் ஞாபகம் வருகிறது. மிளகாயின் உறைப்புக்கும் இந்தக் காரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இந்தக் காரம் கூடினால் சங்குப்பூ நீர் பச்சையாகும், மிளகாய் வற்றலைப் போட்டால் அப்படி ஆகாது. சவுக்காரம், அப்பளக்காரம் என்று சொல்கிறோமே, அந்தக் காரம்தான் இது. அதிலும் படிகாரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பெயரில் காரம் இருந்தாலும் அதைக் கரைத்த நீர் அமிலத்தன்மை உடையது. பெயரை வைத்து முடிவு கட்ட முடியாத இடம் இது.

பி.எச். என்ற அளவுகோல்

மண் வள அட்டை வைத்திருக்கிற விவசாயிகளுக்கு இந்தச் சொல் பழக்கமானது. ஒரு கரைசலில் அமிலத்தன்மை எவ்வளவு என்று சொல்கிற எண்தான் பி.எச். 1909-ல் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் என்ற வேதியியலாளர் இந்த அளவை முன்வைத்தார். கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையோடு சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை பார்த்துவந்தார்.

வழக்கமாக 0 முதல் 14 வரை எண்ணுவார்கள். நடுவில் இருக்கும் 7 தூய நீர், அமிலமும் இல்லை, காரமும் இல்லை. 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2-லிருந்து 2.5 வரை. தயிர் 4-ஐ ஒட்டி. ஆப்ப சோடா கரைத்த நீர் 8-க்குச் சற்று மேலே. சுண்ணாம்புத் தெளிநீர் 12-ஐத் தாண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இது கெஜக்கோல் மாதிரிச் சமமாக ஏறுகிற அளவு இல்லை. ஒரு எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடும். 7-லிருந்து 3-க்கு வந்தால் பத்தாயிரம் மடங்கு. ஒரு தேக்கரண்டிச் சாறு ஒரு டம்ளரையே கவிழ்த்துப்போடுவது இதனால்தான்.

பூவுக்குள் என்ன நடக்கிறது

சங்குப்பூவின் நிறப்பொருள் ஆந்தோசயனின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் பூ, நீலம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். செடிகளில் சிவப்பு, ஊதா, நீலம் தருகிற பெரிய குடும்பம் இது. நாக்கை ஊதாவாக்கும் நாவல்பழம், செம்பருத்தி, கத்தரிக்காய்த் தோல், கருப்புக் கவுனி அரிசி எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்து ஆட்கள் உண்டு. கவுனி ஊறவைத்த தண்ணீரில் எலுமிச்சை விட்டுப் பாருங்கள், அதுவும் சிவக்கும்.

முதலில், ஒரு பொருள் நீலமாகத் தெரிவது என்றால் என்ன? வெயிலில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. பொருள் சில நிறங்களை உறிஞ்சிக்கொள்ளும், மீதி நம் கண்ணுக்கு வரும். பந்தியில் எது தீர்ந்துபோனது என்பதை, மிஞ்சிய பாத்திரங்களைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற மாதிரி. சங்குப்பூ நிறப்பொருள் ஆரஞ்சுப் பக்கத்து ஒளியைச் சாப்பிட்டுவிடுகிறது. மிஞ்சியது நீலமாகத் தெரிகிறது.

இப்போது அந்த நிறப்பொருளின் ஒரு மூலக்கூறை, திண்ணை வைத்த வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்ணீரில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு, திண்ணை காலி. எலுமிச்சை விட்டதும் தெருவெல்லாம் ஹைட்ரஜன் அயனிக் கூட்டம். திண்ணை கண்ட இடத்தில் ஒன்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததும் மூலக்கூறுக்குள் எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் விதம் மாறுகிறது. அதனால் அது உறிஞ்சுகிற ஒளியும் மாறுகிறது. ஆரஞ்சை விட்டுவிட்டுப் பச்சைப் பக்கத்து ஒளியை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. இப்போது மிஞ்சுவது சிவப்பும் நீலமும். இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்கு ஊதா, இன்னும் கொஞ்சம் புளிப்பு கூடினால் இளஞ்சிவப்பு கலந்த ஊதா.

ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால்? அது தெருவில் இருக்கும் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். நடமாட்டம் குறைந்ததும் திண்ணையில் இருந்ததும் எழுந்து போய்விடும். நீலம் திரும்ப வரும். இன்னும் சோடா போட்டால் அடுத்த பக்கம் நகர்ந்து நீலப்பச்சையாகும். சுண்ணாம்பு நீர் அளவுக்குக் காரம் கூடினால் பச்சை, மஞ்சள் என்று போகும். சுண்ணாம்பு போட்டதைக் குடிக்கக் கூடாது, பார்க்க மட்டும்தான்.

இந்தத் திரும்பி வருதல்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எலுமிச்சை சாயத்தை வெளுக்கவைத்திருந்தாலோ அழித்திருந்தாலோ நீலம் எப்படித் திரும்பி வரும்? கல்யாண வீட்டில் கேட்ட அந்தக் காரணம் இங்கேயே விழுந்துவிடுகிறது. நஞ்சு முறிப்பும் அப்படித்தான். முறிந்த நஞ்சு சோடா போட்டதும் உயிர்த்தெழாது.

இதைக் கண்டுபிடிக்க நவீனக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் பாயில், வயலெட் பூக்களின் பாகு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் 1664-லேயே எழுதிவைத்தார். முன்பின் தெரியாத திரவம் அமிலமா காரமா என்று பார்க்கப் பூச்சாறே அவருக்குச் சோதனைக் கருவியாக இருந்தது.

சுருக்கமாகச் சொன்னால்: எலுமிச்சை ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது, அவை நிறப்பொருளில் வந்து ஒட்டுகின்றன, ஒட்டியதும் அது உறிஞ்சும் ஒளி மாறுகிறது. அயனி விலகினால் பழைய நிறம்.

ஏன் செம்பருத்தி போதாது

செம்பருத்தி, ரோஜா எல்லாவற்றிலும் அதே குடும்பம் என்றால் சங்குப்பூவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு புகழ்? செம்பருத்தியை வெந்நீரில் போட்டால் மங்கிய ஊதாச் சாறு வரும், எலுமிச்சை விட்டால் அழகாகச் சிவக்கும். அதுவும் நல்ல பானம்தான். ஆனால் தெளிந்த நீலம் அதில் கிடைக்காது. பெரும்பாலான ஆந்தோசயனின்கள் வெறும் தண்ணீரில் நிலைத்து நிற்பதில்லை. தண்ணீர் மூலக்கூறு வந்து தாக்கி அவற்றை நிறமிழக்கச் செய்துவிடும்.

சங்குப்பூவில் இருப்பவை டெர்நாட்டின் என்ற தனி வகை. இந்தோனேசியாவின் டெர்நாட்டே தீவின் பெயர் இந்தச் செடியின் அறிவியல் பெயரில் இருக்கிறது, அதிலிருந்து வந்தது இது. டெர்நாட்டின் மூலக்கூறுக்கு நீண்ட கைகள் உண்டு. அவை மடங்கி வந்து நிறம் தரும் நடுப்பகுதியை மூடிக்கொள்கின்றன, முக்காடு போட்ட மாதிரி. தண்ணீர் உள்ளே நுழைய முடியாததால் வெந்நீரில்கூட நீலம் நிற்கிறது.

செய்கிற விதம்

இரண்டு டம்ளருக்குச் சொல்கிறேன். காலையில் பறித்த நீலச் சங்குப்பூ பதினைந்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குச் சங்குப்பூ என்றால் பத்து போதும், அதில் இதழ் அதிகம். வெள்ளைச் சங்குப்பூவில் இந்த நிறப்பொருள் இல்லை, நீலம் வராது. அடியில் இருக்கும் பச்சைக் காம்புப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், இல்லையென்றால் பச்சைப் பயறு வாடை தூக்கலாக வரும். எறும்பு இருக்கும், தண்ணீரில் போட்டு அலசுங்கள்.

இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, பூவைப் போட்டு மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். அடுப்பில் வைத்துப் பூவைக் கொதிக்கவைக்க வேண்டாம். நிறம் முழுக்க நீரில் இறங்கி, பூ வெளுத்துத் தெரியும்போது வடிகட்டி ஆறவையுங்கள். கண்ணாடிப் பாத்திரம் அல்லது எவர்சில்வர் நல்லது. பித்தளை, செம்பு, இரும்பு வேண்டாம். எலுமிச்சை அவற்றை அரிக்கும், இரும்பு நிறத்தையும் கெடுக்கும்.

இனிப்புக்கு வெள்ளைச் சர்க்கரைதான். இது எனக்கும் மனத்தாங்கல். நம் பக்கத்து எலுமிச்சை சர்பத் என்றாலே நன்னாரிதான், அதன் மணத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் நன்னாரிப் பாகும் நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் பழுப்பு நிறம். அவற்றை ஊற்றினால் நீலம் சேற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நான்கு தேக்கரண்டி சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்குப்பூவுக்கு நிறம் உண்டு, மணம் கிடையாது. பூவின் வாசம் வேண்டும் என்றால் நாட்டுப் பன்னீர் ரோஜா இதழ் ஒரு கைப்பிடியை அந்தச் சர்க்கரைப் பாகில் சூட்டோடு போட்டு அரை மணி நேரம் மூடிவையுங்கள். வீட்டுச் செடியில் பூத்ததாக இருக்க வேண்டும். கடையில் மாலைக்கு வாங்கும் பூ சாப்பிடுவதற்காக வளர்த்ததில்லை, மருந்து அடித்திருப்பார்கள். ரோஜா இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், குறை தெரியாது.

ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொட்டை நீக்கி வையுங்கள். உப்பு ஒரு சிட்டிகை. உப்பும் சர்க்கரையும் நிறத்தை மாற்றாது. அவை அமிலமும் இல்லை, காரமும் இல்லை. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஒரு டம்ளரில் உப்பு, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் மோரின் தெளிநீர், ஒன்றில் ஆப்ப சோடா என்று அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

மேலே நீலம், கீழே மஞ்சள்

கலக்காமல் அடுக்கடுக்காக நிற்க வைக்கவும் முடியும். டம்ளரின் அடியில் சர்க்கரைப் பாகையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து ஊற்றுங்கள். டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, ஆறிய நீலத் தண்ணீரைக் கரண்டியின் முதுகில் பட்டு வழிகிற மாதிரி மெதுவாக விடுங்கள். அடியில் மஞ்சள், மேலே நீலம், இரண்டும் தொடும் இடத்தில் ஊதாப் பட்டை.

காரணம் எளிது. சர்க்கரை கரைந்த நீர் கனமானது, கீழே தங்கும். வேதாரண்யம் பக்கம் போர் போட்டவர்களைக் கேளுங்கள், இதை வேறு விதமாகச் சொல்வார்கள். அங்கே நிலத்தடியில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், கடலிலிருந்து வந்த உப்பு நீர் கனமாகக் கீழே கிடக்கும். ஆசைப்பட்டு ஆழமாகப் போட்டு வேகமாக இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். டம்ளரில் ஸ்பூனை விட்டுக் கலக்குவதும் அதுதான்.

மருந்தா?

சங்குப்பூ ஞாபக சக்தி தரும், சர்க்கரை நோயைக் குறைக்கும் என்றெல்லாம் சொல்கிறார்கள். சங்கபுஷ்பி என்ற பெயரில் விற்கும் மருந்தும் இதில் சேர்ந்துகொள்கிறது. வட இந்தியாவில் அந்தப் பெயர் பெரும்பாலும் வேறொரு செடியைக் குறிக்கும். ஒரு டம்ளர் சர்பத்தை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அந்த ஒரு டம்ளரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

எலுமிச்சை குடித்தால் ரத்தம் காரத்தன்மை அடையும் என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும். நுரையீரலும் சிறுநீரகமும் அதை அங்கேயே பிடித்துவைக்கும். இரைப்பையோ எலுமிச்சை அளவுக்கு அமிலம் நிறைந்தது. நீலமாகக் குடித்தாலும் ஊதாவாகக் குடித்தாலும் உள்ளே போனதும் ஒரே நிறம்தான்.

பூவிதழை மட்டும் பயன்படுத்துங்கள். விதையும் வேரும் பேதியாக்கும், பிள்ளைகள் காயைப் பறித்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

இரண்டு வீட்டுத் தண்ணீர்

சரி, எங்கள் வீட்டில் ஏன் நிறம் மாறவில்லை?

பூவில் குறை இல்லை. பூவை நான் எங்கள் ஊரிலிருந்தே பறித்துத் திருவையாற்றுக்குக் கொண்டுபோயிருந்தேன். எலுமிச்சையும் ஒரே கடையில் வாங்கியது. மாறியது தண்ணீர் ஒன்றுதான். திருவையாற்று வீடு காவிரிக்கு நடந்துபோகிற தூரம், கிணற்றில் ஊறுவது ஆற்றுத் தண்ணீர். எங்கள் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர். சப்பென்று இருக்கும், பருப்பு வேக நேரமாகும், கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும்.

அந்தத் தண்ணீரில் பைகார்பனேட் என்ற உப்பு நிறையக் கரைந்திருக்கிறது. ஆப்ப சோடாவில் இருப்பதும் அதே பைகார்பனேட்தான். அதாவது நான் எலுமிச்சை விடுவதற்கு முன்பே என் தண்ணீரில் இயற்கையாகவே கொஞ்சம் சோடா இருந்தது. நான் விட்ட ஒரு தேக்கரண்டிச் சாற்றின் அயனிகளை அது பிடித்துக்கொண்டது. திண்ணை வரைக்கும் ஒன்றும் வந்துசேரவில்லை. இப்படி, அமிலத்தை விட்டாலும் பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கிக்கொள்கிற குணத்தை வேதியியலில் தாங்கல் என்கிறார்கள். தாங்கலுக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டாவது தேக்கரண்டி விட்டபோது கொஞ்சம் ஊதா எட்டிப் பார்த்தது, மூன்றாவதில் முழுசாக மாறிவிட்டது. நான் முதல் நாள் ஒன்றோடு நிறுத்தியதுதான் பிரச்சினை.

எலுமிச்சை விடுவதற்கு முந்தைய நீலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரிந்தது. எங்கள் வீட்டு நீலத்தில் லேசாகப் பச்சை ஓடியது. கேன் தண்ணீரில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. அதில் கரைந்த உப்புகளைப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள், கொஞ்சம் சாறு விட்டாலே நிறம் மாறும். ஆனால் ஒன்று: சீக்கிரம் மாறுகிற தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டாதீர்கள். கிருமி இருக்கிறதா, உப்பு எவ்வளவு, நைட்ரேட் இருக்கிறதா என்பதையெல்லாம் இந்தப் பூ சொல்லாது. தண்ணீரைக் காய்ச்சாமல் செய்யவும் வேண்டாம்.

ஆடி பிறந்து சில நாட்களில் எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்தது. மேட்டூர் திறந்து கடைமடையைத் தொட எப்போதும் தாமதமாகும், அந்த வருடமும் அப்படித்தான். பதினெட்டாம் பெருக்கு முடிந்து ஒரு வாரம் கழித்து, வாய்க்காலை ஒட்டிய எங்கள் பழைய கைப்பம்பில் தண்ணீர் அடித்து வந்து காய்ச்சிப் பூவைப் போட்டேன். கோடையில் அந்தப் பம்பு வறண்டு கிடந்தது. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எத்தனை கரண்டி விடப்போறே?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஒன்று விட்டேன். டம்ளரின் நடுவில் ஊதா சுருள் சுருளாக இறங்கி, கலக்குவதற்கு முன்பே அடிவரை பரவிவிட்டது. "ஆத்துத் தண்ணி வந்துருச்சு" என்றார், டம்ளரை வாங்கிக்கொண்டு.